வலப்பக்கத்தால் போன கோல்

ஜாம் போத்தல் மேசையிலிருந்து விழுந்தது என்னுடைய பிழையால்தான். தட்டை எடுக்கத் திரும்பிய நேரம் முழங்கை பட்டுவிட்டது. தரை முழுக்கக் கண்ணாடித் துண்டும் ஜாமுமாகப் போகிறது, இதைத் துடைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக நேரம் காணாது என்று நினைத்தபடி கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தால், போத்தல் அந்த மனிதரின் இடது கைக்குள் இருந்தது.

அவருக்கு அப்போது வயது தொண்ணூறு தாண்டியிருந்தது. அந்தக் கையால் அவருக்குச் சேர்ட்டின் தெறி பூட்ட ஏலாது. பார்க்கின்சன் வருத்தம். கரண்டி வாய்க்குப் போய்ச் சேருமுன் பாதிக் கஞ்சி மடியில் சிந்திவிடும். தேத்தண்ணி குடிக்க இரண்டு பக்கமும் பிடி வைத்த, மூடி போட்ட கோப்பைதான். நான் ஹரோவிலிருந்த அவருடைய வீட்டுக்குக் காலையும் மத்தியானமும் போகிற கேரர். ஒரு மாதமாக அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி, குளிசை கொடுத்து வந்திருந்தேன். அந்தக் கை இப்படி ஒரு வேலை செய்யும் என்பதற்கு அந்த ஒரு மாதத்தில் ஒரு அடையாளமும் நான் காணவில்லை. கதிரையில் சாய்ந்திருந்த உடம்பு இப்போதும் சாய்ந்தபடியே இருந்தது. கை மட்டும் போய் வந்திருக்கிறது.

அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதை மேசையில் வைக்கப் போனபோது கை மறுபடி நடுங்கத் தொடங்கியது. நான்தான் வாங்கி வைத்தேன்.

"மன்னிக்கவேணும்," என்றார். "பழைய பழக்கம்."

அவர் பேசியது இங்கிலீஷ். அது எனக்குள் எப்படி விழுந்ததோ அப்படியே என் தமிழில் எழுதுகிறேன்.

என்ன பழக்கம் என்று அவர் சொல்லவில்லை. வாய் திறப்பதே குறைவு. மத்தியானம் ஸ்கொட்லாந்திலிருந்து அவருடைய மகள் ரெலிபோன் எடுத்தபோது நான் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கும் அறுபது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அவருடைய ஒரே பிள்ளை. அவர் சிரித்துவிட்டு, அப்பா இளவயதில் கனடாவில் ஐஸ் ஹொக்கி விளையாடியவர், தான் படித்த கொலீஜின் முதல் அணிகளில் ஒன்றில் கோல் காத்தவர், உங்களுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வைத்திருக்கும் எங்கள் கோப்பில் அவருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது கேட்காது என்பதெல்லாம் எழுதியிருந்தது. இது எழுதியிருக்கவில்லை. அடுத்த கிழமை வந்த நேர்ஸிடமும் கேட்டேன். இந்த வருத்தக்காரருக்குச் சிலவேளை அப்படி நடக்கும், தானாகச் செய்யப் போனால் வராத அசைவு திடீரென்று ஏதும் வந்தால் தன்பாட்டில் வரும் என்று அவர் சொன்னார். சொன்னது விளங்கியது. ஆனாலும் அந்தப் போத்தல் கையில் இருந்த காட்சி எனக்குக் குறையவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய உடம்பை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும். நாளும் கழுவுகிற உடம்புதான். ஆனால் எங்கள் வேலையில் கண் தேடுவது படுக்கைப் புண்ணும் வீக்கமும் சிவப்பும். எழுபது வருடத்துக்கு முந்திய தழும்பு எங்கள் கணக்கில் வராது. இப்போது துவாயால் முகத்தை ஒற்றும்போது பார்த்தேன். வலது புருவத்தின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. நாடியின் கீழே இன்னொன்று. மூக்கு நடுவில் ஒருதரம் இடப்பக்கம் போய்த் திரும்பி வந்திருந்தது. முன்வாய்ப் பல் நான்கும் கட்டுப்பல், அதை நான் முதலே அறிவேன். வயதால் போனது என்று நினைத்திருந்தேன். வலது கையில் இரண்டு விரல்கள் முழுதாக நீளாது. தோள்பட்டை எலும்பில் ஒரு முண்டு.

ஒருநாள் சவர்க்கார நுரையோடு நின்றபடி புருவத்துக் கோட்டைக் காட்டி, இது எப்படி வந்தது என்று கேட்டேன். அன்றைக்கு அவருக்கு நல்ல நாள், குரல் தெளிவாக இருந்தது. அந்தக் காலத்தில் கோல் காக்கிறவர்கள் முகமூடி போடுவதில்லையாம். போட்டால் கீழே காலடியில் கிடக்கும் பக், அதாவது பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கிற றப்பர் வட்டு, தெரியாது என்பது ஒரு காரணம். கோழை என்று சிரிப்பார்கள் என்பது மற்றது. அணியில் ஒரே ஒரு கோல் காப்பாளர்தான் இருப்பார். அவர் முகத்தில் பக் பட்டால் விளையாட்டை நிறுத்திவிட்டுச் சனம் காத்திருக்கும். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தைத்து, இரத்தத்தைத் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பிறகு விளையாட்டு தொடரும்.

"மரத்துப்போக ஊசி போடுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"ஆர் போடுறது? எங்களுக்குத் தைச்சவன் எங்களோட படிச்ச பெடியன். அவன் படிச்சது மாட்டு வைத்தியம்."

அவருடைய தோள் குலுங்கியது. வருத்தத்தால் முகம் இறுகிப்போன ஆட்கள் சிரிக்கும்போது முகத்தில் தெரியாது, தோளில்தான் பார்க்கவேண்டும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. தகப்பனுக்குக் கனடாவின் நடுப்பகுதியில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை கோதுமை விளையும் இடத்தில் தோட்டம். வீட்டில் கொலீஜுக்குப் போன முதல் ஆள் இவர். கொலீஜ் சின்னது. ஐஸ் மைதானம் என்று தனியாக ஒன்று இல்லை. குளிர் வந்ததும் மாணவர்களே கட்டிடங்களுக்குப் பின்னால் பலகையால் வேலி அடித்து, இரவு முழுக்கக் குழாயால் தண்ணீர் விட்டு, அது உறைந்ததும் அதில் விளையாடுவார்கள். இவருக்குச் சறுக்கி ஓடுவது அவ்வளவாக வராது. அதனால்தான் கோலில் நிற்கவைத்தார்களாம். முதல் நாள் நின்றபோது கை, பார்த்ததை எல்லாம் பிடித்தது. ஏன் என்று அவருக்கே தெரியாது. வேறு எதிலும் தான் கெட்டிக்காரன் இல்லை என்றும், அந்த ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்லித்தராமல் கை தெரிந்து வைத்திருந்தது என்றும் சொன்னார். நான்கு குளிர்காலம் விளையாடினார். பிறகு படிப்புக்காக லண்டன் வந்து, தண்ணீர்க் குழாய்களும் வாய்க்கால்களும் கட்டுகிற பொறியியலாளராகி, இங்கேயே கலியாணம் கட்டி இருந்துவிட்டார். மனைவி காலமாகிப் பன்னிரண்டு வருடம். லண்டனுக்கு வந்தபிறகு ஒருநாளும் ஐஸில் கால் வைக்கவில்லை.

ஒரு காலை அவர் என்னைக் கேட்டார்.

"நீர் ஏதும் விளையாடினனீரோ?"

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் என்னை ஒருவரும் கேட்காத கேள்வி அது. எங்கே இருக்கிறீர், எத்தனை பிள்ளைகள், மனுசன் என்ன வேலை என்பதைத்தான் ஆட்கள் கேட்பார்கள்; கிங்ஸ்பரி, இரண்டு, என் மனுசன் கடையில் நிற்கிறார் என்பேன். பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து விளையாடினேன் என்று சொன்னேன். என்ன இடத்தில் என்று கேட்டார். உயரமாக இருந்தபடியால் என்னையும் கோல் காக்கத்தான் விட்டார்கள். மாகாணப் போட்டிக்கு என்று ஒரு கிழமை பயிற்சி எடுத்தோம். மற்றக் கிழமை பள்ளிக்கூடம் அகதி முகாமாகிவிட்டது. வலைக் கம்பத்தில் ஆரோ சேலை காயப்போட்டிருந்தார்கள். அதோடு முடிந்தது. நான் இதைச் சொல்லிக்கொண்டு சப்பாத்து மாட்டிவிட்டேன். நான் புறப்பட்டுக் கதவடிக்குப் போனபிறகு பின்னால் குரல் வந்தது.

"நாளைக்குப் பாப்பம், கோலி."

அதற்குப் பிறகு அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கோல் காக்கிறவரைக் கூப்பிடுகிற அந்தக் கோலிதான்.

அந்த வருடம் மாசி மாதம் மகள் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து இரண்டு கிழமை நின்றார். லண்டனில் ஒரு பல்கலைக்கழக அணி சனிக்கிழமை காலையில் பயிற்சி எடுப்பதாகக் கேள்விப்பட்டு, அவர்களுக்கு எழுதி, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வரச்சொல்லிப் பதில் வந்தது. அவரைக் காரில் ஏற்றி இறக்கத் தனியாக ஏலாது, நீங்களும் வருவீர்களா என்று என்னைக் கேட்டார். சனி எனக்கு லீவு. ஆனாலும் போனேன். எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

நான் அதுவரை ஐஸ் ஹொக்கி பார்த்ததில்லை. ரி.வி.யில் ஒருதரம் கண்டிருப்பேன், பக் எங்கே போகிறது என்று தெரியாமல் மாற்றியிருப்பேன். அங்கே போனதும் முதலில் குளிர் காலால் ஏறியது. அவருடைய சக்கர நாற்காலியைக் கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் விட்டு, கம்பளியால் மூடினோம். ஒரு பெடியன் ஒரு பக்கைக் கொண்டுவந்து என்னிடம் தந்தான். கறுப்பு றப்பர், உழுந்துவடை அளவு. கையில் வாங்கியபோது கை கீழே இறங்கியது. குளிர்ப்பெட்டியில் வைத்து இறுக்குவார்களாம், கல்லுப் போலிருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவில்லை.

பிறகு அவர்கள் விளையாடத் தொடங்கினார்கள். ஒருவன் அடித்தான். நான் அடித்ததைக் காணவில்லை. என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் பின்னால் பாய்ந்து கதிரையில் இடித்துக்கொண்டேன். மகளும் கத்திவிட்டார். அவர் மட்டும் அசையவில்லை. கண் கூட இமைக்கவில்லை. கண்ணாடியில் பக் பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த நேரம்தான் உறைத்தது. நான் காலையில் மெல்லிய துணியால் ஒற்றுகிற அந்த முகம் இதற்கு முன்னால் நின்றிருக்கிறது. கண்ணாடி இல்லாமல், கம்பி இல்லாமல், தோலும் எலும்பும் மட்டுமாக. நான்கு குளிர்காலம். கையிலிருந்த பக்கைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். இந்த ஊரில் நான் எத்தனையோ பெரிய கட்டிடம், எத்தனையோ மாளிகை பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மலைப்பு எனக்கு வந்தது அந்தச் சக்கர நாற்காலியைப் பார்த்துத்தான்.

பயிற்சி முடிந்ததும் கோலில் நின்ற ஆள் எங்களிடம் வந்தது. தலையை மூடிய முகமூடியைக் கழற்றியபோதுதான் அது ஒரு பெட்டை என்று எனக்குத் தெரிந்தது. இருபது வயதிருக்கும். முகம் சிவந்து, தலைமயிர் வியர்வையில் ஒட்டியிருந்தது. நாற்காலியின் வலப்பக்கமாக வந்து கையை நீட்டினாள். அவர் பார்க்கவில்லை. அவள் கையை நீட்டியபடியே நின்றாள். நான் அவருடைய தோளைத் தொட்டேன். அவர் முழுத்தலையையும் திருப்பிப் பார்த்தபிறகுதான் அவளைக் கண்டார்.

முகமூடி இல்லாமல் விளையாடியது உண்மையா என்று அவள் கேட்டாள். ஓம் என்றார். அவள் அவருடைய மூக்கையும் புருவத்தையும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"உங்களுக்குப் பயமாக இருக்கேல்லையோ?"

அவர் சொல்லெடுக்க நேரம் எடுத்தார். அவள் பொறுத்து நின்றாள்.

"ஒவ்வொரு மட்ச்சுக்கும் முதல் சத்தி எடுப்பன்," என்றார். "ஒருநாளும் தவறினதில்லை. பிறகு வாயைக் கழுவிப்போட்டுப் போய் நிப்பன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தானும் அப்படித்தான், ஒருவருக்கும் சொன்னதில்லை என்றாள். அவளுடைய அணி ஐஸில் வட்டமாக நின்று, கையிலிருந்த மட்டையால் ஐஸைத் தட்டத் தொடங்கியது. எல்லாரும் ஒன்றாக, விடாமல். அவர்கள் மரியாதை செய்வது அப்படித்தானாம். அந்தக் கொட்டகை முழுக்க அந்தச் சத்தம் நிரம்பியது. அவர் கம்பளிக்குள் கையை வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார்.

வீட்டுக்கு வந்து அவரைக் கதிரையில் இருத்தியதும் மகள் கடைக்குப் போய்விட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் பெட்டை நீட்டிய கை என் மனதை விட்டுப் போகவில்லை. வலப்பக்கத்தால் நான் கரண்டி கொண்டுபோனாலும் அவர் திடுக்கிடுவதுண்டு. கோப்பில் கண்ணில் புரை என்றிருந்தது, அதனால்தான் என்று விட்டிருந்தேன்.

"உங்கட வலது கண் எப்பவிருந்து தெரியாது?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைக்கச்சொல்லிக் காட்டினார். பிறகு சொன்னார். நின்று நின்று, இடையில் மூச்சு வாங்கி, மகளின் கார் திரும்பி வரும் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி சொன்னார்.

நான்காவது குளிர்காலம், கடைசிப் போட்டிக்கு மூன்று கிழமை இருக்கும்போது பயிற்சியில் பக் கண்ணில் பட்டது. பட்டணத்து டொக்டர் பார்த்துவிட்டு, இனி அந்தக் கண்ணுக்கு வெளிச்சம் மட்டும்தான் தெரியும், மற்றக் கண்ணையாவது வைத்துக்கொள், இனிக் கோலில் நிற்கக்கூடாது என்றார். இவர் கொலீஜுக்குத் திரும்பிப் போய், கண் சுகமாகிவிட்டது என்று சொன்னார். தைக்கத் தெரிந்த அந்த மாட்டு வைத்தியப் பெடியனுக்கும் அப்படியே சொன்னார். ஏனென்றால் வேறு கோல் காப்பாளர் இல்லை. இவர் நிற்காவிட்டால் அணி போட்டிக்கே போகமுடியாது. அந்தக் கொலீஜ் கடைசிப் போட்டி வரை வந்தது அதுதான் முதல்தரம்.

அந்த மூன்று கிழமையும் ஒருவரும் எழும்புமுன் எழும்பி, ஒரு களஞ்சியச் சுவரில் பந்தை எறிந்து எறிந்து ஒற்றைக் கண்ணால் பிடித்துப் பழகினார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. அதனால் சத்தத்தைப் பழகினார். சறுக்குச் சப்பாத்து ஐஸை வெட்டும் சத்தம், மட்டையில் பக் ஏறும் சத்தம். ஆள் கிட்ட வந்தால் ஒரு மாதிரி, எட்ட நின்றால் ஒரு மாதிரி. நாடியை வலது தோளுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கவும் பழகினார்.

போட்டி பெரிய கொலீஜ் ஒன்றோடு. இரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போனார்கள். கூரை போட்ட மைதானம், நிறையச் சனம். கடைசிச் சில நிமிடம் வரை இரண்டு பக்கமும் சமம். இவர் பிடித்ததையெல்லாம் பார்த்து எதிர் அணிச் சனமே கைதட்டியதாம். பிறகு எதிர் அணியில் ஒருவன் வலப்பக்கத்தால் வந்தான். சனத்தின் ஆரவாரத்தில் இவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவன் பலமாக அடிக்கவும் இல்லை. ஒரு குழந்தை தள்ளிவிட்ட மாதிரி பக் மெதுவாகச் சறுக்கி, இவருடைய வலது காலுக்குப் பக்கத்தால் உள்ளே போனது. இவர் அசையவில்லை. அப்படி ஒன்று வந்ததே இவருக்குத் தெரியாது. பின்னால் கோல் விளக்கு எரிந்து, சனம் கத்தியபோதுதான் கோல் என்று அறிந்தார்.

"என்ர ஆக்களின்ர முகத்தைப் பாத்தன்," என்றார். "நான் நித்திரையாப் போனன் எண்டு நினைச்சினம்."

கொலீஜ் பத்திரிகையும் அப்படித்தான் எழுதியது. அவர் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் படிப்பு முடிந்தது. பின்னால் மனைவிக்கும் மகளுக்கும் கண்ணில் பட்டது கடைசிப் போட்டிக்குப் பிறகு என்று சொல்லி வைத்திருந்தார். தேத்தண்ணி ஆறிவிட்டது, வேறு ஊற்றிக்கொண்டு வந்தேன்.

சித்திரை மாதம் அந்தக் கொலீஜிலிருந்து மகளுக்கு ஒரு கடிதம் வந்தது. தங்கள் பழைய விளையாட்டுக்காரரில் உயிரோடு இருக்கிறவர்களைப் பேட்டி கண்டு பதிவு செய்து வைக்கிறார்கள். அந்த அணியில் மிஞ்சியிருப்பது இவர் ஒருவர்தான். ஒரு பின்னேரம் மகள் ஸ்கொட்லாந்திலிருந்தும், அந்தக் கொலீஜில் வேலை செய்கிற இளம் பெண் ஒருவர் கனடாவிலிருந்தும் கொம்பியூட்டர் திரையில் வந்தார்கள். மகள் கேட்டபடியால் நான் அன்றைக்குப் பின்னேரமும் நின்று, அவருக்குப் பக்கத்தில் இருந்து, அவர் சொல்வது விளங்காத இடத்தில் திருப்பிச் சொன்னேன்.

அந்தப் பெண் நன்றாகத் தேடிப் படித்துவிட்டு வந்திருந்தாள். பலகை வேலி, தண்ணீர்க் குழாய், இரயில் எல்லாம் கேட்டாள். அவரும் சொன்னார். பிறகு அவள் சிரித்துக்கொண்டு, கோபிக்கமாட்டீர்கள் என்றால் அந்தக் கடைசிக் கோலைப் பற்றியும் கேட்கவேண்டும் என்றாள். அது அங்கே இன்றைக்கும் பேசப்படுகிற கதையாம். புது மாணவர்களுக்குக் கூடச் சொல்வார்களாம். ஐஸில் ஏதும் பிழை இருந்ததா, இல்லாவிட்டால் உண்மையாகவே நித்திரையா என்று கேட்டாள்.

இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். எழுபது வருடத்துக்குப் பிறகு கேட்கவேண்டிய இடத்திலிருந்தே கேட்கிறார்கள். மகளும் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைவிட வேறு நேரம் வராது.

"ஐஸில ஒரு பிழையும் இல்லை," என்றார் அவர். "நான்தான் பாக்கேல்ல."

நான் அதைத் திருப்பிச் சொன்னேன். திரையில் இரண்டு பெண்களும் அன்பாகச் சிரித்தார்கள். பேட்டி முடிந்தது.

கொம்பியூட்டரை மூடியதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு கேரர் அப்படிக் கேட்கக்கூடாது, தெரியும். கேட்டேன். ஏன் சொல்லவில்லை, அந்த ஒரு வசனத்தைச் சொல்லியிருந்தால் அவர்கள் எல்லாரும் உங்களைக் கும்பிடுவார்களே, ஒற்றைக் கண்ணோடு அந்தளவு நேரம் நின்ற ஆள் வேறு ஆர் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

அவர் இடது கண்ணால் என்னைப் பார்த்தார்.

"அந்தக் கோலைப் போட்டவனை யோசிச்சுப் பாரும்," என்றார். "அவன் அதுக்கு முதல் ஒரு கோலும் போட்டதில்லை. பிறகும் போடேல்ல. போன வருசம்தான் செத்தவனாம். சாகுமட்டும் அதைத் தன்ர பிள்ளையளுக்கும் பேரப்பிள்ளையளுக்கும் சொல்லியிருப்பான். பெரிய கோலி ஒருத்தனை ஏமாத்திப் போட்ட கோல். அதைக் குருடனுக்குப் போட்ட கோல் எண்டு நான் ஏன் ஆக்கவேணும்?"

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு நல்ல நேரம் எடுத்தது. சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தபடி, கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். கோயிலில் கூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. பக்குக்கு முன்னால் நின்றது ஒரு துணிவு. அதை நான் பார்த்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அது சின்னது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தால் அவர், மகளுக்கு இதைச் சொல்லவேண்டாம், அவள் உடனே கொலீஜுக்குக் கடிதம் எழுதிவிடுவாள் என்றார். நான் சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் எனக்கு இதை ஆருக்காவது சொல்லாமல் இருக்க ஏலாது, நெஞ்சு வெடித்துவிடும் என்றும் சொன்னேன். அவருடைய தோள் குலுங்கியது.

"அப்ப உம்மட பாசையில சொல்லும். என்ர பேரும் கொலீஜின்ர பேரும் போடாதையும். நான் போனபிறகு."

அவர் ஆவணி மாதம் போனார். வீட்டில், ஒரு காலை, நான் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு. மகள் பக்கத்தில் இருந்தார். நான் வந்தபோது அவர் கையைப் பிடித்தபடி இருந்த மகள் எழுந்து இடம் விட்டார். கடைசியாக ஒருதரம் நான் அவருடைய முகத்தைத் துடைத்தேன். அது என் வேலை இல்லை. அதற்கு வேறு ஆட்கள் வருவார்கள். ஆனாலும் துடைத்தேன்.

இறுதிச் சடங்குக்கு இருபது பேரளவில் வந்தார்கள். மகள் அப்பாவைப் பற்றிப் பேசிவிட்டு, கொலீஜிலிருந்து வந்த ஒரு கடிதத்தை வாசித்தார். நல்ல கடிதம். முதல் அணிகளில் விளையாடியவர், முகமூடி இல்லாமல் நின்றவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். கடைசியில், பேர்போன அந்த நித்திரைக் கோலைக் கூட எவ்வளவு நகைச்சுவையோடு அவர் ஒத்துக்கொண்டார் என்று ஒரு வரி. இருந்தவர்கள் மெல்லச் சிரித்தார்கள். மகளும் கண்ணீரோடு சிரித்தார்.

எனக்கு எழும்பி நிற்கவேண்டும் போலிருந்தது. முன்னாலிருந்த மர வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். நித்திரை இல்லை என்ற இரண்டு சொல் வாய்க்குள் நின்றது. அதை விழுங்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நான் விழுங்கியது ஒரு நிமிடம். அவர் எழுபது வருடம், ஒவ்வொருதரம் ஆராவது சிரித்தபோதும், கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

பாட்டுப் பாடினார்கள். வெளியே வந்ததும் மகள் என்னைக் கட்டிப்பிடித்து, அப்பா கடைசி வருடத்தில் உங்களோடு கதைத்த அளவு என்னோடு கூடக் கதைக்கவில்லை என்றார். அப்படியொன்றும் இல்லை, சும்மா விளையாட்டுக் கதைதான் என்றேன். சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டுப் போகச்சொன்னார். எனக்கு ஒரு மணிக்கு கென்ரனில் ஒரு வீடு இருந்தது. விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஒரு அம்மா, புதுசு, நான் இன்னும் பார்த்ததில்லை. ஹரோவில் 183 பஸ் எடுத்தேன். மேல்தட்டில் முன் சீட் வெறுமையாக இருந்தது. அங்கே போய் இருந்துகொண்டு, வழி முழுக்க அழுதேன்.